நயினாரின் டி டிரைவ்

சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்கார மரகதத்தின் மாடி அறையில் குடியிருந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நாலு பேரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஒரகடத்தில், கார்க் கதவுக்கு உள்பக்கம் பூட்டுகிற பலகை செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னிகள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பாகங்களாகப் பொறுக்கி, பஸ்ஸில் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக் கொண்டுவந்து பூட்டிய பெட்டி அது. கொண்டுவந்த அன்றைக்கே, சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே, பங்கு பிரிக்கும் பேச்சு வந்துவிட்டது.

அப்பன் சொத்தைப் பிரிக்கிறவர்கள்கூட அவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாக்கி, விண்டோஸுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று முடிவானது. விண்டோஸுக்குக் கொஞ்சம் இடம் போதும், குறைத்துக் கொடுக்கலாம் என்று சக்திகுமார் சொல்லிப் பார்த்தான்.

“அதெப்படிடே? மிச்சத்த யாரு எடுக்க?” என்று மாசானம் மடக்கினான்.

மிச்சத்தைப் பற்றிச் சண்டை வரக் கூடாதென்று மிச்சமே இல்லாமல் ஐந்து பங்கையும் அச்சுப் பிசகாமல் சமமாகப் பிரித்தார்கள். சி விண்டோஸுக்கு. பிறகு வயது வரிசைப்படி டி ஆறுமுகநயினாருக்கு, இ மாசானத்துக்கு, எஃப் இசக்கிதுரைக்கு, கடைசியில் கிடந்த ஜி சக்திகுமாருக்கு. ஒவ்வொரு டிரைவுக்கும் அதனதன் சொந்தக்காரன் பெயரையே ஆங்கிலத்தில் வைத்தார்கள். ஒருத்தன் டிரைவை இன்னொருத்தன் திறக்கக் கூடாது என்பது அறையின் சட்டம். பூட்டு கிடையாது, கொடுத்த வாக்குதான் பூட்டு. தன் டிரைவில் என்ன இருக்கிறதென்று அவனவனுக்குத் தெரியுமாதலால், அடுத்தவன் டிரைவில் என்ன இருக்குமென்று யாரும் கேட்பதுமில்லை.

பிரித்துக் கொடுத்தவன் சக்திகுமார். பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவன். லைனில் திருப்புளி பிடிக்கிற வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்றாலும், அறையில் அவனுக்கு ‘டாக்டர்’ என்று பெயர். சூப்பர்வைசர் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். போய்ச் சரி பண்ணிவிட்டு வரும்போது அவன் நடையே வேறு மாதிரி இருக்கும். ஆங்கிலமும் நன்றாக வரும். வராத ஒன்று, தன்னைவிட மெதுவான ஆள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது.

அப்படி மெதுவான ஆள் நயினார். அறையில் மூத்தவர். எதையும் இரண்டு தடவை யோசித்துத்தான் செய்வார், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிரெய்னி காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. லைனில் ஒரே ஒருத்தரைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள். அதற்குக் கைசன் காட்ட வேண்டும். வேலை செய்கிறவனே கண்டுபிடித்துச் செய்கிற சின்னத் திருத்தத்துக்குக் கம்பெனியில் கைசன் என்று பெயர். அதைக் கம்ப்யூட்டரில் படம் படமாகப் போட்டு, பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று விளக்க வேண்டும்.

நயினாரின் கைசன் ஒரு பிளாஸ்டிக் குழாய். லைனில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு ஸ்குருவுக்கும் முதுகுப் பக்கம் திரும்பித் திரும்பி எடுப்பதைப் பார்த்து, தண்ணீர்க் குழாயை நெடுக்காக அறுத்துச் சாய்வாகப் பொருத்தினார். ஸ்குரு தானாக உருண்டு கைக்கே வந்தது. முதலில் வைத்த சாய்வில் ஸ்குரு சிக்கியது, இன்னும் சரித்து வைத்ததும் சரியானது. சூப்பர்வைசர் ரகுபதி தன் கேமராவில் முன்னும் பின்னும் படம் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு கேமராவில் இருந்ததை அழித்தும்விட்டார். அந்தப் படங்களை வைத்து, தெரியாத ஆங்கிலத்தை டிக்ஷனரியில் பார்த்துப் பார்த்து, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து நயினார் அந்த ஃபைலைச் செய்தார். அவர் அதை வைத்திருந்த ஒரே இடம் அவருடைய டி டிரைவ். திங்கட்கிழமை காட்ட வேண்டும். தேறினால் பெர்மனென்ட். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர் வயதுக்கு இன்னொரு கம்பெனி டிரெய்னியாகச் சேர்க்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கம்ப்யூட்டர் பெட்டியைப் படப்பைக்குத் தூக்கிப் போய், பிரவுசிங் சென்டரில் சி.டி. அடித்துவிட வேண்டும் என்று திட்டம். அன்று காலையில் கீழே மரகதம் மோட்டார் போட்டார். அந்த வீட்டில் கீழே மோட்டார் ஓடினால் மேலே மானிட்டர் கண் சிமிட்டும். அன்றைக்குச் சிமிட்டியது மறுபடி விழிக்கவில்லை. திரும்பப் போட்டபோது கறுப்புத் திரையில், பார்ட்டிஷன் டேபிள், அதாவது பங்கு பிரித்த கணக்கு, சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி நின்றது.

நயினாரின் முகத்தில் ரத்தமே இல்லை. “ஏலே சக்தி, என் ஃபைலு?” என்றார்.

“ஒண்ணும் பயப்படாதிய அண்ணே. சி மட்டுந்தான் கெட்டுருக்கு. அத ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டா முடிஞ்சிது. ஒங்க டி-ய நான் தொடவே மாட்டேன்.”

சொன்ன தோரணையிலேயே எல்லோருக்கும் பாதி நிம்மதி வந்துவிட்டது. மாசானமும் இசக்கிதுரையும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த மரகதமும் வாசலில் நின்றார்.

“இன்னாப்பா ஆச்சு? டாக்டரு ஆப்ரேசன் பண்றாரா?”

சக்திகுமார் சிரித்துக்கொண்டே விண்டோஸ் சி.டி.யைப் போட்டு, எழுத்தில் கட்டளை அடிக்கிற டாஸ் திரைக்குப் போனான். விரல்கள் பறந்தன. கோர்ஸில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஃபார்மட் அடிக்கும் முன், டிஐஆர் என்று மூன்று எழுத்து அடித்து, அந்த டிரைவில் என்ன இருக்கிறது, யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார். பார்த்துவிட்டு அப்புறம் அடி. அந்த மூன்று எழுத்தை அவன் அடிக்கவில்லை. இத்தனை பேர் பார்க்கும்போது சரிபார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகத்தில் செய்கிறான் என்று நினைப்பார்களே. சி-யை ஃபார்மட் செய் என்று நேரே அடித்தான். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று ஒரு தட்டு.

விஷயம் என்னவென்றால், சி-யின் பார்ட்டிஷன் பழுதாகி டாஸ் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. அப்படிப் போனால் டாஸ் அந்த எழுத்தைச் சும்மா விட்டுவைக்காது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் விலகினால் பின்னால் நிற்கிறவர் முன்னே நகர்வதைப் போல, அடுத்து இருப்பதற்குச் சி என்று பெயர் வைத்துவிடும். அன்றைக்கு அடுத்து இருந்தது நயினாருடைய டி. வேறு எந்த வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தாலும் சி சின்னதாகவும் டி பெரியதாகவும் இருந்து, அளவைப் பார்த்ததுமே ஐயையோ என்று கை நின்றிருக்கும். இங்கேதான் ஐந்தும் சமபங்காயிற்றே. அளவு அச்சாக ஒன்றுபோல் வந்தது, அவன் கை நிற்கவில்லை.

ஃபார்மட் முடிந்தது. அதன் மேலேயே விண்டோஸ் ஏறத் தொடங்கியது. அது ஏறுகிற நேரத்தில் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இசக்கிதுரை வைத்த மீன் குழம்பு நன்றாக இருந்தது. நயினார் தன் தட்டில் இருந்த நடுக்கண்டத்தை எடுத்துச் சக்திகுமார் தட்டில் வைத்தார்.

“தின்னுடே. ஒனக்குத்தான் இன்னைக்கு வேல.”

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் பழைய அதே ஒற்றை வரி. பார்ட்டிஷன் சரியில்லை.

புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும் பழைய குற்றம் அப்படியே நிற்கிறதென்றால், போட்ட இடம் வேறு என்று அர்த்தம். அது அவனுக்குப் புரிவதற்குள் காது சூடாகிவிட்டது. திரும்ப டாஸுக்குப் போய், இப்போது அந்த மூன்று எழுத்தை அடித்தான். சி-யில் பெயரே இல்லை. டி-யைக் கேட்டான். மாசானத்தின் பெயர் வந்தது. இ-யைக் கேட்டான். இசக்கிதுரை. எஃப்-பில் சக்திகுமார். நாலு பேரில் ஒரு பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

“ஆச்சாடே?” என்று நயினார் பின்னாலிருந்து கேட்டார்.

“கொஞ்சம் இருக்குண்ணே.” குரல் எப்படியோ சாதாரணமாக வந்தது. அது சாதாரணமாக வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குமேல் செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்தான். காலையிலேயே செய்திருக்க வேண்டியது. பங்கு பிரிக்கிற எஃப்டிஸ்க்கில் போய், கெட்டுப்போன முதல் பார்ட்டிஷனை மட்டும் அழித்து, அதே அளவில் புதிதாகப் போட்டு, அதிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று குறித்து, மறுபடி தொடங்கினான். எழுத்துகள் அதனதன் இடத்துக்குத் திரும்பின. ஒவ்வொன்றையும் திறந்து பெயர் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தட்டு தட்டினான். விண்டோஸ் ஒழுங்காக வந்து நின்றது. ஒழுங்காக வந்ததைப் பார்த்து மாசானம் கை தட்டினான். நயினார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டி-யைத் திறந்தார். உள்ளே அரைகுறையாக ஏறிய விண்டோஸ் கிடந்தது. வேறொன்றும் இல்லை. அவர் அதை மூடினார். திரும்பத் திறந்தார்.

“இதுல இருந்ததெல்லாம் எங்கடே?”

நான்தான் அழித்தேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். சக்திகுமார் ஒரு பெரிய வாக்கியம் சொன்னான்.

“பார்ட்டிஷன் எரர் வந்தா சில சமயம் பக்கத்து டிரைவும் சேந்து போயிரும்ணே. கரண்டு அப்படி அடிச்சிருக்கு.”

இதில் ஒவ்வொரு சொல்லும் அவன் நாக்கில் தானாக வந்தது. நயினார் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார். “செரி, நம்ம நேரம்” என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். முப்பது வயதை நெருங்குகிற ஆள் துண்டுக்குள் அழுவதைப் பார்க்க முடியாமல் இசக்கிதுரை வெளியே போய் மரகதத்திடம் சத்தம் போட்டான். மரகதம் பதறிக்கொண்டு படியேறி வந்தார்.

“நான் மோட்டாரு போட்டதாலயா இப்டி ஆச்சு? ஐயோ, தொட்டில தண்ணியில்லன்னு போட்டேன்பா. நாளைக்கு இன்னா பண்ணுவ நீ? என்னாலதான் ஒரு புள்ள பொழப்பு போச்சா?”

மோட்டாரால் போனது சி மட்டும். அந்த அம்மாளுக்கு அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கூசிப்போய் உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல வேண்டும்.

இதற்கு மேலும் ஒன்று இருந்தது. நயினாரின் ஃபைல் போகவில்லை. சக்திகுமாரின் ஜி டிரைவில், ‘பாட்டு’ என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள், அதன் காப்பி ஒன்று பத்திரமாக இருந்தது.

நயினார் செகண்ட் ஷிஃப்ட் போயிருந்த ஒரு பகலில், அறையில் யாரும் இல்லாதபோது, அவன் டி-யைத் திறந்து எடுத்தது அது. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ வரப்போகிறதென்று கேள்விப்பட்டிருந்தான். நீ என்ன கைசன் செய்தாய் என்று அங்கேயும் கேட்பார்கள். அவனுக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை. எவ்வளவோ யோசித்தும் தோன்றவில்லை. இந்த மெதுவான மனுஷனுக்குத் தோன்றிவிட்டதே என்ற எரிச்சல் வேறு. எடுத்ததோடு நிற்காமல், முதல் பக்கத்தில் ஆறுமுகநயினார் என்ற பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு வைத்திருந்தான். போட்ட பிறகு அது அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் நெட்டுருப் போட்டிருந்தான், இன்டர்வியூவில் தடுமாறக் கூடாதல்லவா.

இப்போது கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் நயினார் ஊருக்குப் போக வேண்டும். இப்படி இரண்டே வழி என்றால் அவன் என்ன செய்திருப்பானோ தெரியாது. அவனுக்கு மூன்றாவது வழி தெரிந்திருந்தது. டாக்டர் இல்லையா.

“அழிஞ்சதத் திருப்பி எடுக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. முயற்சி பண்ணிப் பாக்கேன்” என்றான். “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. கவனம் செதறக் கூடாது.”

மறுபேச்சில்லாமல் வெளியே போனார்கள். நயினார் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார். சக்திகுமார் ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தில் தன் பெயரை அழித்தான். நயினார் பெயரை ஆங்கிலத்தில் அடித்தான். நீளமான பெயர். எழுத்தெழுத்தாக அடிக்கும்போது கண் எரிந்தது. அடித்து முடித்து டி-யில் போட்டுவிட்டு, உடனே கூப்பிட்டால் சந்தேகம் வருமே என்று சும்மா உட்கார்ந்திருந்தான். கீபோர்டைச் சத்தம் வரும்படி அவ்வப்போது தட்டவும் செய்தான். தன்னை அவன் மிகவும் வெறுத்தது அந்தத் தட்டலின்போதுதான்.

கூப்பிட்டதும் நயினார் ஓடி வந்தார். படங்களைப் பார்த்ததும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவர் தோளில் சலவை சோப்பு வாசனையும் வியர்வையும் அடித்தன. “என் தெய்வமே, என் தெய்வமே” என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். இசக்கிதுரை விசிலடித்தான். மரகதம் கீழே போய்க் கேசரி கிண்டிக் கொண்டுவந்து, முதல் கரண்டியைச் சக்திகுமாருக்கு வைத்தார்.

“நல்லா இருப்பப்பா நீ. என் பாவத்த நீதான் தீத்து வச்ச.”

அவன் அதை வாயில் போட்டான். தண்ணீரைக் குடித்து இறக்கினான்.

நயினார் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். “இதுல பழைய சாய்வுலா இருக்கு. நான் போன வாரமே மாத்திட்டேனே.”

“திருப்பி எடுக்கும்போது சில சமயம் பழசுதான் கிடைக்கும்ணே.”

“அப்படியா? அதுவே பெரிய காரியம்டே.” அவர் நினைவிலிருந்தே புது அளவுகளைப் போட்டுத் திருத்தினார். அவன் சொல்வது எதையும் அவர் நம்பினார். அதற்குக் காரணம் அவருடைய மந்தம் என்று இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான்.

சாயந்திரம் பெட்டியை லுங்கியில் கட்டிக்கொண்டு நயினாரும் மாசானமும் படப்பைக்குப் போனார்கள். நீ வேண்டாம், படுத்துக்கோ, காலையிலிருந்து மூளைக்கு வேலை என்று அவனை விட்டுவிட்டுப் போனார்கள். அவன் படுத்தும் தூங்கவில்லை.

திங்கட்கிழமை கேன்டீனுக்கு மேல் இருக்கிற ஹாலில் திரை கட்டியிருந்தார்கள். முன் வரிசையில் பிளான்ட் மேனேஜரும் எச்.ஆர். ஆட்களும், பின்னால் சூப்பர்வைசர் ரகுபதி, அவருக்கும் பின்னால் லைனில் இருக்கிற டிரெய்னிகள் எல்லாம். நயினார் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, தலையை அழுத்தி வாரி, முன்னால் போய் நின்றார். முதல் பக்கம் திரையில் விழுந்தது.

இரண்டு பெயர் இருந்தது. ஆறுமுகநயினார். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், சக்திகுமார்.

தன் பெயரை அழிக்க மறந்துவிட்டோமோ என்று சக்திகுமார் ஒரு கணம் நினைத்தான். மாசானம் பக்கத்திலிருந்து இடித்தான். “படப்பையில வச்சுப் போடச் சொன்னாரு. ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எப்படி?” என்று பல்லைக் காட்டினான்.

நயினார் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் நாலைந்து பக்கம் நன்றாகவே கடந்தார். பிறகு பிளான்ட் மேனேஜர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். பெரிய கேள்வியில்லை. வேறு அளவு ஸ்குரு வந்தால் இந்தக் குழாய் என்ன ஆகும் என்பதுதான். கேள்வி ஆங்கிலத்தில் வந்ததால் நயினாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கண் தேடித் தேடிக் கடைசி வரிசைக்கு வந்தது. “இவனக் கூப்பிடலாமா சார்?” என்று திரையில் இருந்த இரண்டாவது பெயரைக் காட்டினார்.

சக்திகுமார் எழுந்து முன்னால் போனான். போகாவிட்டால் நயினார் அங்கேயே தோற்றுப் போவார். போய் நின்று, நல்ல ஆங்கிலத்தில், குழாயின் விளிம்பில் வைத்த தகட்டைப் பற்றியும் அதை ஸ்குருவின் அளவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் விதத்தைப் பற்றியும் சொன்னான். அடுத்த கேள்விக்கும் சொன்னான். அதற்கடுத்ததற்கும் சொன்னான். எல்லாம் நெட்டுருப் போட்டதுதானே. மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு பேர் பேர் போட்டிருக்கு. சீட்டு ஒண்ணுதான்” என்று தமிழுக்கு வந்தார். “ஐடியா யாரோடது? உன்னோடதா தம்பி?”

நயினார் முந்திக்கொண்டார். வெட்கப்பட்டுச் சிரித்தபடி, “இவன் இல்லன்னா இது இல்ல சார்” என்றார். அவர் சொன்னது நேற்றைய காரியத்தை. கேட்டவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். எச்.ஆர். ஆள் குனிந்து எதையோ எழுதினார். கேமரா கொடுத்த ரகுபதிக்கு உண்மை தெரியும், அவர் நெளிந்தார். பெரியவர்கள் பேசும்போது சூப்பர்வைசர் வாய் திறப்பது அந்தக் கம்பெனியில் வழக்கமில்லை.

சும்மா நின்றால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வேலை வந்துவிடும், நயினாரே மனமாரக் கொடுத்ததாகவும் ஆகிவிடும். சக்திகுமார் நயினாரைப் பார்த்தான். தலையில் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. தனக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் அவனைப் பார்த்து, நல்லா சொன்னடே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“சார், இதுல என்னுது ஒண்ணுமில்ல” என்றான் சக்திகுமார். இவ்வளவு நேரம் ஓடிய ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. “எல்லாம் இவருது. நான் இவருக்குத் தெரியாம இவரு டிரைவத் தொறந்து காப்பி எடுத்து வச்சிருந்தேன். எம் பேரப் போட்டு, வேற கம்பெனியில காட்ட. அதான் எல்லாம் தெரியுது. நேத்து இவரு ஃபைல அழிச்சதும் நாந்தான். திருப்பி எடுக்கல சார். அந்தக் காப்பியத்தான் கொடுத்தேன்.”

கடைசி வரிசையில் மாசானம் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். நயினாரின் சிரிப்பு உடனே போகவில்லை. மறந்துபோய் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகுதான் போனது. மேனேஜர் எச்.ஆர். ஆளைப் பார்த்தார். எச்.ஆர். ஆள், “நீ கீழ போய் ஆபீஸ்ல வெயிட் பண்ணு” என்றார். மிச்சப் பக்கங்களை நயினாரைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார்கள்.

நயினார் தேறிவிட்டார். மத்தியானமே நோட்டீஸ் போர்டில் அவர் பெயர் ஒற்றையாக வந்தது. சக்திகுமாரை அடுத்த நாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவன் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில் கடைசியாக ஏறினான். மாசானமும் இசக்கிதுரையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நயினார் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. அவர் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். அதனால் அவன் உட்கார வேண்டியதாயிற்று.

“அண்ணே, என்னய மன்னிச்சிருங்க.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டிருக்கிற கம்பெனிகளின் தகர வேலி நெடுக ஓடியது. கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் குரலில் கேட்டார்.

“நேத்து நான் ஒன்னக் கெட்டிப் புடிச்சு அழுதேம்லா? அப்பம் நீ என்ன நெனச்சுக்கிட்டு நின்ன?”

சக்திகுமாருக்கு அது நன்றாக நினைவிருந்தது. நம்பிவிட்டார், அப்பாடா என்று நினைத்துக்கொண்டு நின்றான். பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. அவன் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல, இறங்கிவிட்டான்.